பெட்டி யார் வீட்டு மாடியில் இருக்கிறது?

கேள்வி: அண்ணா, நாங்கள் காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமம். ஆடு திருட்டும் செயின் பறிப்பும் அதிகமானதால் இரண்டு வருடத்துக்கு முன் வீட்டுக்கு 500 ரூபாய் வசூல் செய்து, மீதியை ஒரு கடைக்காரர் போட, ஊரில் 16 கேமரா வைத்தோம். போலீஸ் ஸ்டேஷனில் இருந்தும் வைக்கச் சொன்னார்கள். பதிவாகும் பெட்டி கடைக்காரர் வீட்டு மாடியில் இருக்கிறது. என் கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, வாரம் ஒருமுறைதான் வருவார். மகளுக்கு 19 வயது, தருமபுரியில் படிக்கிறாள். போன மாதம் அவள் பஸ் இறங்கி, கூடப் படிக்கும் பையனோடு பேசிக்கொண்டு நடந்து வந்ததைக் கேமராவில் இருந்து எடுத்து, கடைக்காரரின் மகன் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டான். அந்தப் பையன் காலனிப் பையன். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. கேட்டால், "ஊர் நல்லதுக்குத்தான் கேமரா, தப்பு செய்யாதவங்க எதுக்குப் பயப்படணும்" என்கிறார்கள். கேமராவை எடுக்கச் சொல்லலாமா? அந்த வீடியோ யாருக்குச் சொந்தம்? போலீசுக்குப் போனால் கேட்பார்களா?
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டம், நியாயம் எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அந்த வாட்ஸாப் குழுவில் வீடியோ இன்னும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால், அனுப்பியவரின் எண், தேதி, நேரம் மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதற்கு மேலும் கீழும் யார் யார் என்ன எழுதினார்கள் என்பதும் அதில் வர வேண்டும். வீடியோவைத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள், ஆனால் யாருக்கும் அனுப்பாதீர்கள், நியாயம் கேட்பதற்காகக்கூட வேண்டாம், எனக்கும் வேண்டாம். வீடியோவின் மூலையில் கேமராவின் எண்ணும் நேரமும் எழுதியிருக்கும். அதை ஒரு தாளில் குறித்து, மகள் உண்மையில் எத்தனை மணி பஸ்ஸில் இறங்கினாள் என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாமல் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது பெட்டி. நீங்கள் பெட்டி என்பதை, கேமரா மாட்டும் தொழிலில் இருக்கும் நாங்கள் டிவிஆர் என்போம். போன மாதம் நடந்தது என்பதால் அந்த நாளின் அசல் பதிவு இந்நேரம் அழிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அழியாமல் இருக்கக்கூடியது லாக், அதாவது பெட்டியை யார் எப்போது இயக்கினார்கள் என்று அதுவே எழுதி வைக்கும் குறிப்பு. அந்தப் பக்கத்தைத் திறந்தால், எந்தப் பயனர் பெயரில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எந்தப் பழைய பதிவைப் போட்டுப் பார்த்தார்கள், பென்டிரைவில் எடுத்தார்களா என்பதெல்லாம் பெரும்பாலான பெட்டிகளில் தெரியும். போனில் உள்ள ஆப் வழியாகப் பார்த்து, போனிலேயே பதிவு செய்திருந்தால் 'எடுத்தார்கள்' என்று காட்டாது, 'பார்த்தார்கள்' என்பதோடு நின்றுவிடும். அதுவும் உதவும். ஆனால் லாக் நிரம்பினால் பழையது போய்ப் புதியது ஏறும், பெட்டியை ரீசெட் செய்தால் மொத்தமும் போய்விடலாம். அதனால் கடைக்காரருக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் ஒரே மாதிரி ஒரு கடிதம் எழுதுங்கள், இந்தத் தேதியில் இருந்து இந்தத் தேதி வரை உள்ள லாக்கை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடிதத்தில் கோபம் வேண்டாம், தேதியும் நேரமும் இருந்தால் போதும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. உங்கள் முழுக் கடிதத்தில் கணவர் என்ன சொன்னார், மாமியார் என்ன சொன்னார், பங்காளி வீட்டில் என்ன பேசினார்கள் என்று எல்லாம் இருக்கிறது. மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. அவளுக்கு 19 வயது. வீடியோவில் இருப்பது அவள் முகம். புகார் கொடுப்பதா, வேண்டாமா, கொடுத்தால் யாரிடம் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் நடக்க வேண்டும். அந்தப் பையனோடு என்ன பேச்சு என்று விசாரிப்பதை நிறுத்திவிட்டு, "உனக்கு இதில் என்ன செய்யணும்னு தோணுது" என்று ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். அவளைக் கேட்காமல் அவள் வீடியோவை ஒருவன் எடுத்தான், அவளைக் கேட்காமல் குழுவில் போட்டான், இப்போது அவளைக் கேட்காமலே நாமும் முடிவெடுத்தால் அவளுக்கு வித்தியாசம் தெரியாது.

அந்தப் பையனையும் விட்டுவிடாதீர்கள். அவன் முகமும் அதில் இருக்கிறது, அவன் அம்மா அப்பா உங்களைவிடப் பயந்துபோய் இருப்பார்கள். 2012 நவம்பரில், சாதி மாறி நடந்த ஒரு கல்யாணத்தை வைத்து நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனியிலும் அக்கம்பக்கக் குடியிருப்புகளிலும் வீடுகள் எரிக்கப்பட்டதைப் பார்த்த மாவட்டம் நம்முடையது. அப்போது தெருவுக்குத் தெரு கேமரா இல்லை, எல்லோர் கையிலும் வாட்ஸாப் இல்லை. இன்றைக்கு யார் யாரோடு எத்தனை மணிக்கு நடந்தார்கள் என்று காட்டும் பெட்டி ஒன்று, ஊரில் ஒரு தரப்பின் வீட்டு மாடியில், பூட்டில்லாமல் இருக்கிறது. கடைக்காரரின் மகன் விளையாட்டாகச் செய்தேன் என்று சொல்லலாம். அது போய்ச் சேரும் இடம் அவன் கையில் இல்லை. எனக்கு இதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, கேமராவை எடுக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். கிருஷ்ணகிரியில் 2006இல் இருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன், மாங்கூழ் ஆலை முதல் கல்யாண மண்டபம் வரை மாட்டியிருக்கிறேன், கேமராவால் நடந்த நல்லதையும் நேரில் பார்த்திருக்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் நாலுவழிச் சாலையில் சைக்கிளில் போன ஒரு பெரியவரை அடித்துவிட்டு ஒரு லாரி நிற்காமல் போய்விட்டது. ரோட்டோர டீக்கடையில் நான் மாட்டியிருந்த கேமராவில் அந்த லாரியின் எண், கடைசி இரண்டு இலக்கம் மங்கலாக, முன்னால் உள்ளது தெளிவாகக் கிடைத்தது. சுங்கச்சாவடிப் பதிவோடு ஒப்பிட்டு வண்டியைப் பிடித்தார்கள். அந்த எண் இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் யார் மேல் இழப்பீட்டு வழக்குப் போட்டிருக்கும்? இப்படி இரண்டு மூன்று பார்த்தவன், கேமராவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கம்பத்தில் இருப்பது இருக்கட்டும். மாடியில் இருப்பதைத்தான் இறக்க வேண்டும்.

போன வருடம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு ஊரில் நாலு கேமராவில் படம் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். பெட்டி ஒரு வீட்டில் பீரோவுக்கு மேல், பழைய பாய்ச் சுருட்டுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் இருந்தது. எலி ஒயரைக் கடித்திருந்தது, அது சின்ன வேலை. அதை முடித்துவிட்டு ஆப்பில் 'பகிரப்பட்டவர்கள்' என்ற பட்டியலைத் திறந்து காட்டினேன். 11 பேர். அதில் ஒருவர் ஊரைவிட்டுத் திருப்பூர் போய் மூன்று வருடம் ஆகிறது, இன்னொருவர் மாற்றலாகிப் போன போலீஸ்காரர், ஒரு எண் யாருடையது என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் குழாயடியை, யாரென்றே தெரியாத அந்த எண்காரர் இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். சேர்மன் வீட்டு அம்மா ஒருவர் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். குழாயடியைப் பார்த்த கேமராவை அன்றைக்கே திருப்பி வைத்தேன்.

இதில் எங்கள் தொழில்காரர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வேலை முடித்துக் கிளம்பும்போது சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் போனை நீட்டி, "எனக்கும் ஒண்ணு ஏத்தி விடுங்க" என்பார்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் க்யூஆரைக் காட்டி, ஒரே அட்மின் பாஸ்வேர்டை எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போவோம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். செய்யக்கூடாத வேலை அது. உங்கள் ஊரில் மாட்டியவரும் அதையே செய்திருப்பார் என்று நினைக்கிறேன். 2025 தொடக்கத்தில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள், பெண்களைப் பரிசோதிக்கும் அறையின் காட்சிகள், டெலிகிராமில் காசுக்கு விற்கப்பட்டது தெரியவந்தது. உள்ளே நுழைந்தவர்கள் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை, பாஸ்வேர்டு 'அட்மின்123' என்று இருந்ததாக விசாரணையில் சொன்னார்கள். 2016இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனியில் வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் உலகம் முழுக்கப் பிடித்து, அவற்றை வைத்தே பெரிய பெரிய இணையதளங்களை முடக்கியது. நம் மாநிலக் காவல்துறை முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை 2021இல் கொண்டுவந்தது, 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள்ளும் வெளியாள் புகுந்தான், ஒரு பயனரின் பாஸ்வேர்டு வழியாக. அரசாங்கத்தின் பூட்டே அப்படி என்றால் மாடியில் இருக்கும் உங்கள் பெட்டியைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"தப்பு செய்யாதவங்க எதுக்குப் பயப்படணும்" என்று கேட்டவரிடம் திருப்பிக் கேளுங்கள், என் மகள் என்ன தப்பு செய்தாள் என்று. பஸ் இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தாள். தப்பு செய்தவன் வேறு ஆள். ஆனால் ஒரு மாதமாக வீட்டில் பேச்சு வாங்குவது அவள்தானே.

இப்போது, வீடியோ யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு வருகிறேன். பெட்டியும் ஹார்டு டிஸ்க்கும் காசு போட்டவர்களுக்குச் சொந்தம், உங்கள் 500 ரூபாயும் அதில் இருக்கிறது. ஆனால் காசு அதிகம் போட்டதால் ஊரார் நடமாட்டமெல்லாம் கடைக்காரருக்குச் சொந்தம் ஆகிவிடாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அதில் அரசு தலையிட வேண்டுமானால் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. திருட்டைத் தடுக்க வைத்த கேமராவில் யார் யாரோடு நடக்கிறார்கள் என்று வேவு பார்ப்பது நோக்கத்திலேயே சேராது. அந்தத் தீர்ப்பு முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துவது, கடைக்காரரை அதை வைத்து நேராக நீதிமன்றத்துக்கு இழுப்பது சிரமம், ஆனால் ஊராட்சியும் போலீசும் இதில் கைவைத்திருக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்கு அது பொருந்தும்.

தனியாருக்காக வந்திருப்பது 2023ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் அமலுக்கு வருகின்றன. அதன்படி, ஒரு தரவை எதற்காக எடுக்க வேண்டும், எப்படி எடுக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்களோ அவர்தான் பொறுப்பாளி. பாதுகாப்பாக வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட அதில் இடம் உண்டு. தனி ஆள் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்குக் கையாள்வதற்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது. தன் வீட்டு வாசலில் ஒருவர் ஒரு கேமரா வைத்தால் அதை அந்தக் கணக்கில் சேர்க்கலாம். ஊர் வசூல் செய்து பொதுத் தெருவில் வைத்த 16 கேமராவை என்னால் அதில் சேர்க்க முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே கூட நினைத்தபடி வைக்க முடியாது. ஒரே வீட்டில் குடியிருக்கும் அண்ணன் தம்பிகளில் ஒருவர் இன்னொருவர் சம்மதம் இல்லாமல் உள்ளே கேமரா வைத்ததைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025இல் தவறு என்றது, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

இந்தச் சட்டத்தில் எனக்கு ஒப்புதல் இல்லாத இடம் ஒன்று இருக்கிறது, சொல்லாமல் விடக் கூடாது. குற்றத்தைத் தடுக்க, கண்டுபிடிக்க என்று சொன்னால் பெரும்பாலான கடமைகளில் இருந்து விலக்கு உண்டு. அதற்கு மேலும், எந்த அரசு அமைப்புக்கு வேண்டுமானாலும் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி மத்திய அரசு முழு விலக்கே கொடுக்கலாம். அதாவது உங்கள் ஊர்ப் பெட்டியைக் கடைக்காரரிடம் இருந்து பிடுங்கி ஸ்டேஷனில் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேள்வி கேட்க முடிந்த இடத்தில் இருந்து கேள்வி கேட்கவே முடியாத இடத்துக்குப் போய்விடும்.

இதற்கு சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூனில் அப்பாவும் மகனும் ஸ்டேஷனில் அடிபட்டு இறந்தபோது, விசாரணைக்குப் போன நீதித்துறை நடுவர் ஸ்டேஷன் கேமராவைப் பார்க்கக் கேட்டார். ஹார்டு டிஸ்க்கில் 1 டிபி இடம் இருந்தது. ஆனால் தினமும் தானாக அழிந்துவிடும்படி செட்டிங் வைத்திருந்தார்கள், வேண்டிய நாளின் பதிவு இல்லை என்று அவர் அறிக்கை கொடுத்தார். எங்கள் தொழிலில் அது நாலு பட்டனில் முடியும் வேலை. கேமரா இருந்தது, இடம் இருந்தது, செட்டிங் யார் கையில் இருந்ததோ அவர்கள் நினைத்தபடி அது வேலை செய்தது. அதே வருடம் டிசம்பர் 2 அன்று, வேறொரு வழக்கில், நாட்டின் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதியில்லாத இடத்தில் குறைந்தது ஒரு வருடமாவது வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மேற்பார்வைக்கு மாநில அளவில் ஒரு குழு, மாவட்ட அளவில் ஒரு குழு. போலீஸ் கையில் இருப்பதைப் போலீசே பார்த்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றம் விடவில்லை, கவனித்தீர்களா? ஊர்த் தெருவுக்கும் அதே மாதிரி ஒரு ஏற்பாடு வேண்டும் என்பதைத்தான் நானும் கேட்கிறேன். ஒன்றில் மட்டும் நேர் மாறாக. ஸ்டேஷனில் அதிகாரம் உள்ளவர்களைக் கேமரா பார்க்கிறது, அங்கே பதிவு எவ்வளவு நாள் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தெருவில் பாலுக்கும் ரேஷனுக்கும் போகிறவர்களைப் பார்க்கிறது, அங்கே பதிவு சீக்கிரம் அழிய வேண்டும்.

எத்தனை நாளில் அழியும் என்று நீங்களே கணக்குப் போடலாம். 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று விநாடிக்கு 2 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்குச் சுமார் 21 ஜிபி. 16 கேமராவுக்கு 340 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். 4 டிபி ஹார்டு டிஸ்க் என்றால் 11, 12 நாளில் நிரம்பி, பழையதன் மேல் எழுத ஆரம்பிக்கும். உங்கள் ஊருக்கு இது தாராளமாகப் போதும். ஆடு காணாமல் போனால் இரண்டு நாளில் தெரிந்துவிடும். 90 நாள் வேண்டும் என்று பெரிய ஹார்டு டிஸ்க் வாங்கச் சொல்பவர்கள் இருப்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நேரம் ஒத்துப்போகாது என்று மேலே சொன்னேன் அல்லவா. டிவிஆருக்குள் வாட்ச்சில் இருப்பதுபோல் ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். அது செத்துப்போன பிறகு கரண்ட் போய் வந்தால் கடிகாரம் பின்னால் போய்விடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். 40 நிமிடம் தவறாக ஓடும் பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஊரில் ஒரு திருட்டு நடந்து, அந்த நேரத்தில் அந்த வழியில் போன அப்பாவி ஒருவர் மாட்டிக்கொள்ள இது போதும். போலீஸ்காரர் வந்து மானிட்டரைத் தன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போவதும் இதே ரகம். அது நீதிமன்றத்தில் எளிதில் நிற்காது. இப்போதைய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி, பெட்டிக்குப் பொறுப்பானவரும் ஒரு நிபுணரும் கையெழுத்திட்ட சான்றிதழோடு, ஹாஷ் மதிப்பு, அதாவது பதிவில் யாரும் கைவைக்கவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு, குறித்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் பதிவைக் கேட்கவும் வழி இருக்கிறது, இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 94ஆவது பிரிவில் எழுத்தில் கேட்கலாம். எழுதிக் கேட்டால் கொடுங்கள், வாய்மொழியாகக் கேட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். இதை மரியாதைக்குறைவாக அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, கேஸ் நிற்க வேண்டும் என்று நினைக்கும் எந்த ஆய்வாளரும் இதைத்தான் விரும்புவார்.

ஆக, செய்ய வேண்டியது கிராம சபையில் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்து எது வருகிறதோ அதற்கு முன்பே தலைவரிடம், தலைவர் இல்லாத காலம் என்றால் தனி அலுவலரிடம், இதைப் பொருளாகச் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள். மகளிர் குழுவில் பேசி, 10 பெண்களாவது கையெழுத்துப் போட்டுப் போங்கள். வயதுக்கு வந்த பெண் பிள்ளை இருக்கும் எந்த வீட்டுக்கும் இது புரியும். காலனியில் இருந்தும் கையெழுத்து வேண்டும்.

தீர்மானத்தில் என்ன இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். பெட்டி ஊராட்சி அலுவலகத்துக்கு வர வேண்டும், இரும்புப் பெட்டிக்குள், பூட்டோடு. பாஸ்வேர்டை 12 எழுத்தாக வைத்து, முதல் ஆறு எழுத்து ஒருவரிடம், அடுத்த ஆறு எழுத்து இன்னொருவரிடம் இருக்க வேண்டும். ஒருவர் ஊராட்சிச் செயலர், மற்றவர் மகளிர் குழுவில் ஒருவர், இருவரில் ஒருவராவது காலனியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் திறக்கும். நான் இரண்டு இடத்தில் இப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன், முதல் மாதம் தொந்தரவாக இருக்கிறது என்பார்கள், அப்புறம் பழகிவிடும். போன் ஆப் வசதியை மொத்தமாக அணைத்துவிட வேண்டும், நெட்வொர்க் மெனுவில் பி2பி அல்லது கிளவுட் என்று இருக்கும். நேரலை யாருக்கும் வேண்டாம். திருட்டு நடந்த பிறகு பார்க்கத்தானே வைத்தோம், நடக்கும்போதே போனில் பார்த்துக்கொண்டிருக்க அவசியம் என்ன? கேமராவில் மைக் இருந்தால் அணைக்க வேண்டும்.

அப்புறம் ஒரு நோட்டு. சாதாரண நீள நோட்டு போதும். என்ன தேதி, யார் கேட்டார், எந்தக் கேமரா, எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரை, எதற்காக, யார் யார் திறந்தார்கள், நகல் கொடுத்ததா இல்லையா, கையெழுத்து. கேட்டவர் கலெக்டராக இருந்தாலும் சரி, கவுன்சிலராக இருந்தாலும் சரி, நோட்டில் ஏறாமல் திரை ஓடக் கூடாது. ஒவ்வொரு கிராம சபையிலும் அந்த நோட்டை வாசிக்க வேண்டும். எனக்குத் தெரிந்து இந்த ஒரு நோட்டு செய்யும் வேலையை எந்தச் சாஃப்ட்வேரும் செய்வதில்லை.

கேமராக்கள் எங்கே பார்க்கின்றன என்றும் ஒரு படம் போடுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் தெருக்களை வரைந்து, 16 கேமராவுக்கும் அம்புக்குறி போட்டால் போதும். எத்தனை கேமரா ஊர் எல்லையைப் பார்க்கிறது, எத்தனை காலனி வழியைப் பார்க்கிறது, எது குழாயடியையும் கழிப்பறையையும் யார் வீட்டுத் திண்ணையையும் பார்க்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். திருப்ப முடியாத கேமராவில் 'பிரைவசி மாஸ்க்' என்ற வசதி உண்டு, வேண்டாத இடத்தின் மேல் கறுப்புக் கட்டம் போட்டுவிடலாம், அங்கே எதுவும் பதிவாகாது. பெரும்பாலான பெட்டிகளில் இது இருக்கிறது, செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

போலீஸ் இதில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், எஸ்பி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். எங்கள் ஊர்க் கேமராவின் நேரலை ஸ்டேஷனுக்கு வருகிறதா, எந்த உத்தரவின் பேரில், எத்தனை நாள் வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். யாருடைய வீடியோவையும் நீங்கள் கேட்கவில்லை, அதனால் தனிநபர் தகவல் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது.

கடைக்காரரின் மகன் மேல் புகார் பற்றி. பலர் உங்களிடம் ஐடி சட்டம் 66இ என்று சொல்வார்கள், அது உடலின் அந்தரங்கப் பகுதியைப் படமெடுப்பதற்கு, இதற்குப் பொருந்தாது. தெருவில் நடந்து வந்ததைப் பரப்பியதற்கு நெருக்கமாக வருவது இப்போதைய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ் 79ஆவது பிரிவு, ஒரு பெண்ணை அவமதிக்கும் எண்ணத்தோடு அவளுடைய அந்தரங்கத்தில் தலையிடுவது, மூன்று வருடம் வரை சிறை. கூடவே 356, அவதூறு. நிற்குமா என்பது குழுவில் அவன் எழுதிய வார்த்தையைப் பொறுத்தது, அதனால்தான் ஸ்கிரீன்ஷாட்டில் மேலும் கீழும் வர வேண்டும் என்றேன். நான் வக்கீல் இல்லை. தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். மகள் புகார் வேண்டும் என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு அங்கே போங்கள், ஸ்டேஷனுக்கு அதற்கு அப்புறம். யாராவது மிரட்டினாலோ, அந்தப் பையன் வீட்டுப் பக்கம் கூட்டம் சேர்கிறது என்று தெரிந்தாலோ, கிராம சபை வரைக்கும் எல்லாம் காத்திருக்க வேண்டாம், உடனே 112 கூப்பிடுங்கள், உங்களுக்கு என்றால் 181ம் இருக்கிறது.

கடைக்காரரை முதலிலேயே எதிரியாக்க வேண்டாம் என்றும் தோன்றுகிறது. காசு போட்டார், இரண்டு வருடம் கரண்ட் பில்லும் கட்டினார். "அண்ணா, நாளைக்கு இந்த பெட்டியில இருந்து வேற ஒரு வீட்டுப் பொண்ணு வீடியோ வெளிய போனா கேஸ் உங்க பேர்ல தான் வரும், ஊராட்சியில வச்சிடலாம்" என்று பெரியவர் யாரையாவது வைத்துச் சொல்லிப் பாருங்கள். பெட்டியைக் கொடுத்துவிடுவார் என்றே நினைக்கிறேன். மகன் விஷயம் தனி, அதில் விட்டுக்கொடுப்பதா இல்லையா என்பதை உங்கள் மகள் சொல்லட்டும்.

பெட்டி எந்தக் கம்பெனி, என்ன மாடல் என்று அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். அதையும் பயனர் பட்டியல் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினால், எதை எந்த மெனுவில் அணைக்க வேண்டும் என்று வரிசையாக எழுதித் தருகிறேன், அதைப் பார்த்து உங்கள் ஊரில் போன் கடை வைத்திருக்கும் பையனே செய்துவிடுவான். காட்ட மறுத்தால், எந்தத் தேதியில் யார் மறுத்தார் என்று எழுதி வையுங்கள்.